இரவல் பட்டு என்று சொன்னவருக்கு

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

காஞ்சிப் பட்டின் பெருமை பெட்டியில் காப்பதிலா, உடுத்திக் கொண்டாடுவதிலா? உடுத்துவதில்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அருங்காட்சியகத்தைக் காட்டி, “அப்படியல்லவா காக்க வேண்டும்!” என்றார். ஐயா, அங்கே விளக்கை ஏன் அவ்வளவு மங்கலாக எரிய விடுகிறார்கள்? வெளிச்சம் பட்டுப்பட்டே பட்டு நூல் நலிந்துவிடும். அதனால் வெளிச்சத்தை 50 லக்ஸ் என்ற மிகக் குறைந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிங்கப்பூரில் நம் வீவக அடுக்குமாடி வீட்டில் அதற்கெல்லாம் யாருக்கு வசதி? பீரோவில் மடித்துப் போடுகிறோம். ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த புடவை அந்த மடிப்பிலேயே இற்றுப்போகிறது. இந்த ஊரின் ஈரக்காற்றில் சரிகையின் வெள்ளி கறுக்கிறது. பெட்டியில் வைத்துவிட்டதாலேயே பட்டு பிழைத்துவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

தறியையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உடலையும் கரையையும் தனித்தனி நூலால் நெய்து இணைக்கும் கோர்வைப் புடவைக்கு, ஊடு நூலை ஓட்டும் நாடா மூன்று: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கும் தனித்தனியே ஒவ்வொன்று. நெசவாளருக்குத் துணையாக இன்னோர் ஆளும் உட்கார வேண்டும். உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் இடத்தில்தான் கோபுரக்கரை வரிசையாக எழுகிறது. நாம் கட்டாவிட்டால் அந்த இரண்டு பேருக்கும் நாளைக்கு வேலை ஏது?

இன்னும் சொல்லலாம். ஆனால் தலைவர் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. “உடுத்துங்கள், உடுத்துங்கள் என்று கூவுகிற அணியில் பாதிப் பேர் கட்டியிருப்பது இரவல் பட்டாகத்தான் இருக்கும்” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

இரவல் பட்டு என்றால் இளக்காரமா ஐயா?

தோ பாயோவில் நாங்கள் இருந்த புளோக்கில் எங்கள் அம்மாவிடம் ஒரே ஒரு காஞ்சிப் பட்டு இருந்தது. அரக்கு நிறம், கோபுரக்கரை, உடல் முழுதும் மல்லிமொட்டு. மேல்மாடி அக்காவுக்குத் திருமணம் நிச்சயமானது. அப்பா இல்லாத வீடு, பட்டு வாங்க வழியில்லை. அம்மா கேட்கக்கூட விடவில்லை. புடவையைத் தட்டில் வைத்து, பூவும் வைத்து, மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். கல்யாணத்துக்கு அம்மா கட்டிப்போனது சாதாரண நூல் புடவை.

பந்தியில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் அம்மையார். மணப்பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவர், “எவ்வளவு நல்ல பட்டு! யாருடையது?” என்று கேட்டார். யாரிடம் கேட்கிறார் பாருங்கள். அந்தப் புடவைக்குச் சொந்தக்காரியிடமே கேட்கிறார்! அம்மா இலையிலிருந்து நிமிர்ந்து, “அவளுடையதுதான்” என்றார். அந்த அம்மையார் விடவில்லை. “இவர்களுக்கு ஏது இவ்வளவு வசதி?” என்றார். அம்மா மறுபடியும் சொன்னார்: “அவளுடையதுதான்.”

என் புடவை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மாவுக்குப் பெருமை வந்திருக்கும். மணமேடையில் இருந்த பெண்ணுக்குத் தலை குனிந்திருக்கும். தலைவர் அவர்களே, நீங்கள் கேலி செய்த இரவல் பட்டு இதுதான்.

அதன்பின் அந்தப் புடவை வீடு தங்கவில்லை. கீழ்மாடி, எதிர்ப் புளோக், பெருமாள் கோயில் மண்டபம் என்று எத்தனையோ மேடைகளைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு முறையும் மடித்து, பூ வைத்துத் திரும்பி வந்தது.

அம்மா இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவருடைய பீரோவைத் திறந்தோம். அந்தப் புடவையை எடுத்து விரித்தேன். முந்தியில் மஞ்சள் கறை ஒன்று. வெளுக்கக் கொடுக்கலாம் என்று நான் சொன்னதும் மேல்மாடி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “வேண்டாம் தங்கச்சி. அது என் தாலியில் இருந்த மஞ்சள்” என்றார். கரையோரம் இருந்த சின்னத் தையலைத் தொட்டு இன்னொருவர், “இது என் மெட்டி மாட்டிக் கிழிந்தது. அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை, தானே உட்கார்ந்து தைத்தார்” என்று அழுதார். எங்களுக்குத் தெரியாத அம்மாவை அன்றைக்கு அந்தப் பெண்கள் ஒவ்வொருவராகச் சொல்லி எங்களுக்குக் காட்டினார்கள். பூட்டியே வைத்திருந்தால் அந்தப் புடவையில் கறையும் இருந்திருக்காது, தையலும் இருந்திருக்காது. எங்களிடம் சொல்ல அவர்களுக்குக் கதையும் இருந்திருக்காது.

வருகிற தை மாதம் அந்த மேல்மாடி அக்காவின் மகளுக்குத் திருமணம். அவளுக்கு விலையுயர்ந்த பட்டு வாங்கித் தர இன்று அவர்களுக்கு வசதி இருக்கிறது. இருந்தும் முகூர்த்தத்துக்கு இந்தப் புடவைதான் வேண்டும் என்கிறாள். நடுவர் அவர்களே, உங்கள் தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் சரி, புடவை அவள் வீட்டுக்குப் போகும். நன்றி, வணக்கம்.