ஜப்பானியக் கவிதையில் மழை: 'மழை'ன்னு மட்டும் மொழிபெயர்த்தா போதுமா?

அடுத்த கேள்வி. "ஜப்பான் மொழியில மழைக்கு நூத்துக்கணக்குல பேர் இருக்குன்னு சொல்றாங்களே, உண்மையா? ஹைக்கு வாசிக்கணும்னா அத்தனையும் தெரிஞ்சிருக்கணுமா? தமிழ்ல கொண்டுவரும்போது 'மழை'ன்னு போட்டா போதாதா?"ன்னு கேட்டிருக்காங்க.

நூத்துக்கணக்குல இருக்குறது உண்மைதான். ஆனா முக்கால்வாசி கூட்டுச்சொல். 'அமெ'ன்னா மழை. 'ஹரு'ன்னா வசந்தம், ரெண்டும் சேர்ந்தா ஹருஸமெ. 'கிரி'ன்னா மூடுபனி, சேர்ந்தா கிரிஸமெ. நடுவுல ஒரு 'ஸ்' வந்து ஒட்டுது, கவனிச்சீங்களா? சில சொல்லுக்கு அப்படி வரும். கொநுகாமென்னு ஒண்ணு இருக்கு, தவிடு தூவுற மாதிரி பொடிப்பொடியா விழற மழை. யரஸு நோ அமெ, வந்த விருந்தாளி கிளம்புற நேரம் பார்த்துப் பிடிச்சுக்கிட்டு, போகவிடாம நிறுத்தி வைக்கிற மழை. வெயிலோட பெய்ற மழைக்குக் கிட்ஸுனெ நோ யொமெஇரி, நரிப் பொண்ணு புகுந்த வீட்டுக்குப் போற ஊர்வலம்னு அர்த்தம். நம்ம ஊர்ப் பிள்ளைங்க காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம்னு பாடுறதும் இதே மழைக்குத்தான்.

எண்ணிக்கையை விட்டுடுங்க. பழைய ஹைக்கு வாசிக்க நாலு பேர் உறுதியா தெரிஞ்சா போதும்: ஹருஸமெ, ஸமிடரெ, யூடச்சி, ஷிகுரெ. கடைசியில வர்ற 'எ' எல்லாம் குறில், நீட்டாதீங்க. அது ஏன் முக்கியம்னு பின்னாடி வரும். இந்த நாலும் 'கிகோ', அதாவது பருவச்சொல். சொல்லைச் சொன்னதுமே எந்த மாசம், வெளிச்சம் எப்படி, மழை எத்தனை நேரம் நிக்கும் எல்லாம் உள்ள வந்துடும். பதினேழு மாத்திரையில எழுதுற கவிஞருக்கு இதையெல்லாம் தனியா சொல்ல இடம் கிடையாது. அந்த வேலையை மழையோட பேர்தான் செய்யுது.

அதிகமா தப்பு நடக்குற சொல் ஸமிடரெ. எழுத்தைப் பார்த்தா 'ஐந்தாம் மாத மழை'ன்னு இருக்கும். உடனே மே மாத மழைன்னு எழுதிடுறாங்க. அந்த ஐந்தாம் மாதம் பழைய சந்திர நாட்காட்டியோடது. ஜப்பான் இப்ப இருக்குற நாட்காட்டிக்கு மாறினது 1873 ஜனவரி 1ஆம் தேதி. பழைய ஹைக்குக் கவிஞருங்க பாஷோ, புஸோன், இஸ்ஸா எல்லாரும் அதுக்கு முன்னாடி எழுதினவங்க. அவங்க ஐந்தாம் மாதம் ஏறக்குறைய நம்ம ஜூன் நடுவுல விழும். அதாவது த்ஸுயுன்னு சொல்ற அடைமழைக் காலம். டோக்கியோ பக்கம் ஜூன் முதல் பாதியில தொடங்கி ஜூலை நடுவுவரை வாரக்கணக்கா விடாது. த்ஸுயுங்கிறது பருவத்தோட பேர், ஸமிடரெங்கிறது அந்தப் பருவத்துல பெய்ற மழையோட பேர்.

இதைத் தப்பா பிடிச்சா என்ன கெடும்னு ஒரு கவிதையில பார்த்துடலாம். 1689ல பாஷோ வடக்கே நடந்து போன பயணத்துல எழுதினது:

ஸமிடரெ ஒ
அட்ஸுமெடெ ஹயஷி
மொகமிகவ

'ஸமிடரெயைச் சேர்த்துச் சேர்த்து வேகம் கொண்டது, மொகமி ஆறு.' இதுல உயிர் 'அட்ஸுமெடெ'ங்கிற வினையெச்சத்துல இருக்கு: சேர்த்து, திரட்டி. மொகமி 229 கிலோமீட்டர் ஓடுது, யமகதாங்கிற ஒரே மாகாணத்துக்குள்ளேயே. சுத்தி இருக்குற மலையில வாரக்கணக்கா விழுந்த தண்ணி எல்லாம் அந்த ஒரே ஆத்துல வந்து சேருது. மே மாசத்து ஒரு நாள் மழைன்னு வாசகர் நினைச்சுட்டா, எதைச் சேர்க்கிறது? வினையெச்சம் அப்படியே அந்தரத்துல நிக்கும்.

இன்னொண்ணு. முதல்ல ஓயிஷிதாங்கிற ஊர்ல, தங்கின வீட்டுல பல பேர் சேர்ந்து தொடர்கவிதை பாடினப்ப, 'ஹயஷி' இருக்குற இடத்துல 'ஸுஸுஷி'ன்னுதான் வச்சிருந்தார், 'குளிர்ச்சியானது'ன்னு. விருந்தோம்புற வீட்டுக்காரருக்கு மரியாதையா ஆத்துக் காத்தைப் புகழ்ற சொல் அது. அப்புறம் பயண நூல்ல அதை 'வேகமானது'ன்னு மாத்தினார். தண்ணி பெருகி ஓடுது, படகுக்கு ஆபத்துன்னு அந்த இடத்துல உரைநடையிலயும் எழுதியிருக்கார். ரெண்டு சொல்லுமே மூணு மாத்திரை. ஒரே ஒரு சொல் மாறினதுல, கரையில உக்காந்து ரசிச்ச மழை படகுக்குக் கீழ இரையுற மழையா ஆயிடுச்சு.

புஸோனும் இதே மழையை வச்சு ஒண்ணு எழுதியிருக்கார்: 'ஸமிடரெ. பேராற்றின் முன்னே வீடு இரண்டு.' பயம்னோ வெள்ளம்னோ ஒரு சொல் கிடையாது. ஆனா மழை நிக்கப்போறதில்லைன்னு ஸமிடரெ சொல்லிடுச்சு. மிச்சத்தை அந்த ரெண்டு வீடு சொல்லுது.

அடுத்தது ஷிகுரெ. இலையுதிர்கால முடிவு, குளிர்கால ஆரம்பம். கவிதை வழக்குல குளிர்காலத்துல சேர்த்திருக்காங்க. இதைத் 'தூறல்'னு எழுதுறது சரியில்லை. கடல் பக்கத்துல இருந்து வர்ற குளிர்காத்து மேகத்தைத் தள்ளிக்கிட்டு கியோத்தோவுக்கு வடக்கே இருக்குற மலையைத் தாண்டும்போது, சடசடன்னு கொட்டிட்டுப் போயிடும். ஒரு தெருவுல மழை, அடுத்த தெருவுல வெயில். கொஞ்ச நேரத்துல திரும்ப வரும். 10ஆம் நூற்றாண்டுத் தொகைநூலான கொஸென்ஷூவுலயே, பெய்தும் பெய்யாமலும் நிலையில்லாத ஷிகுரெதான் குளிர்காலத்தின் தொடக்கம்னு ஒரு பாட்டு இருக்கு. அதனால ஷிகுரென்னாலே நிலையாமைன்னு ஆயிடுச்சு.

இங்கதான் குறில் நெடில் கணக்கு வருது. 'ஃபுரு'ன்னா மழை பெய்தல். அதே ஒலிக்குக் காலம் கழிதல்னும் அர்த்தம் உண்டு. ஓனோ நோ கோமாச்சிங்கிற பெண்கவிஞர் 9ஆம் நூற்றாண்டுலயே இந்தச் சிலேடையைக் கையாண்டிருக்காங்க. 15ஆம் நூற்றாண்டுல ஸோகிங்கிற கவிஞர் எழுதினார்: 'யொ நி ஃபுரு மொ / ஸரநி ஷிகுரெ நோ / யடொரி கன.' உலகத்துல நாள் கழிக்கிறதும் ஷிகுரெக்கு ஒதுங்கின கூரை மாதிரிதான்னு பொருள். பாஷோ அந்தக் கவிதையை அப்படியே எடுத்து, 'ஷிகுரெ'யை மட்டும் எடுத்துட்டு 'ஸோகி'ன்னு வச்சார். ஷி-கு-ரெ மூணு குறில், மூணு மாத்திரை. ஸோ-கி ஒரு நெடில் ஒரு குறில், அதுவும் மூணு. நம்ம இலக்கணத்துல எண்ற மாதிரியே எண்ணிப் பாருங்க, இம்மி பிசகாது. மழை இருந்த இடத்துல இப்ப முன்னோரோட பேர் இருக்கு. மழைங்கிற சொல்லே கவிதையில இல்லை. ஆனா ஃபுருவுக்குள்ள அது பெஞ்சுக்கிட்டேதான் இருக்கு. பாஷோ 1694ல, பழைய கணக்குப்படி பத்தாம் மாதம் 12ஆம் நாள், ஷிகுரெ காலத்துல காலமானார். அவர் நினைவு நாளுக்கே ஷிகுரெ-கின்னு பேர்.

யூடச்சி கோடைச் சாயங்கால இடிமழை, அதுல குழப்பம் இல்லை. ஹருஸமெ வசந்த மழைதான், ஆனா வசந்தத்துல பெய்ற எல்லா மழையும் இல்லை. பாஷோவோட மாணவர் தொஹோ எழுதின ஸன்ஸோஷியில, பழைய மூணாம் மாசத்துல ஓயாம மெல்லப் பெய்றது ஹருஸமெ, அதுக்கு முந்தி பெய்றது 'ஹரு நோ அமெ'ன்னு பிரிச்சிருக்கு. எவ்வளவு மெல்லன்னா, புஸோன் அளந்தே சொல்லியிருக்கார்: சின்னக் கடற்கரையில கிடக்குற சின்னச் சிப்பி நனையுற அளவு.

இப்ப மொழிபெயர்ப்பு. முதல்ல மழைச்சொல்லை ஸைஜிகியில, அதாவது பருவச்சொல் அகராதியில பாருங்க, எந்தப் பருவத்துல வச்சிருக்காங்கன்னு. பழைய மாசமா இருந்தா ஏறக்குறைய ஒரு மாசம் தள்ளிக் கணக்குப் போடுங்க. ஸமிடரெயை 'ஆனி மழை'ன்னு போடலாமான்னு தோணும். தேதி பொருந்தும், ஆனா நமக்கு ஆனின்னா காத்து, அடைமழை இல்லை. வாசகர் வழி தவறிடுவார். மூலச்சொல்லை அப்படியே வச்சு, கீழ ஒரு வரிக் குறிப்பு கொடுக்கிறதுதான் நல்லது. 'ஓயாத', 'சோகமான'ன்னு அடைமொழி சேர்க்காதீங்க, அந்தச் சுமையைச் சொல்லே தூக்கிக்கும்.

ஸெமிஷிகுரென்னு ஒரு சொல் வந்தா மட்டும் ஜாக்கிரதை. 'ஸெமி'ன்னா சில்வண்டு வகைப் பூச்சி. அகராதியில துண்டுதுண்டா பார்த்துச் 'சில்வண்டு மழை', குளிர்காலம்னு எழுதிடுவோம். அது கொளுத்துற கோடை. மரம் முழுக்கப் பூச்சிங்க ஒண்ணா இரையுறதும், ஓய்றதும், திரும்பப் பிடிக்கிறதும் ஷிகுரெ மாதிரி காதுல விழுறதால வந்த பேர். அந்தக் கவிதையோட தமிழ்ல ஒரு சொட்டுத் தண்ணிகூட விழக்கூடாது.