சின்னம்மாவின் தராசும் நான் பிடித்த சண்டையும்

வணக்கம் உறவுகளே. முத்தையன்கட்டுக் குளத்தில் எடுத்த காணொளியை இந்த வாரம் தருவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போய்விட்டது. காரணம் ஒரு தராசு. அதைப் பற்றிப் பேசித் தீர்க்காமல் எனக்கு வேறு எதுவும் ஓடாது.

வற்றாப்பளைப் பொங்கல் காணொளியில் கச்சான் கடலைப் பொதிகளோடு கமெராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற என் சின்னம்மாவை மறந்திருக்கமாட்டீர்கள். நெடுங்கேணிக்கு அப்பால் இருக்கிறார். சர்க்கரை வியாதியும் இல்லை, இரத்த அழுத்தமும் இருந்ததில்லை. ஆனாலும் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடம் 1990களில் கண்டறியப்பட்ட அந்தச் சிறுநீரக நோய் வவுனியாப் பக்கத்திலும் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, பயிருக்கு அடிக்கும் மருந்து, வெயிலில் உடல் வற்றுவது எனப் பலவற்றைச் சந்தேகிக்கிறார்களே தவிர, இதுதான் காரணம் என்று ஒன்றை இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. சின்னம்மாவின் கேத்திலின் அடியில் சுண்ணாம்பு பூசியதுபோலப் படிந்திருக்கும் வெள்ளைப் படையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

வாரத்தில் இரண்டு நாட்கள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், வவுனியாவில் இரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது. அதிகாலைப் பேருந்தில் ஏறி, புளியங்குளம், ஓமந்தை வழியாகத் தனியாகவே போய் வருகிறார். துணைக்கு வருகிறேன் என்றால், "நீ வந்தா உனக்குச் சாப்பாடு தேடுற வேலையும் எனக்குத்தான்" என்று சொல்லிவிடுவார்.

இப்போது தராசுக்கு வருகிறேன். சிறுநீர் போகாத உடம்பில், குடிக்கும் தண்ணீர் அடுத்த சுத்திகரிப்பு வரைக்கும் உள்ளேயே தங்கும். அளவு மீறினால் கால் வீங்கும், நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். ஆகவே நாள்தோறும் நிறை பார்க்க வேண்டும். சின்னம்மாவின் உடம்பில் மிகை நீர் இல்லாதபோது இருக்கவேண்டிய நிறை 46 கிலோ. இரண்டு கிலோவுக்கு மேல் ஏறாமல் வரும்படி தாதியர் சொல்லியிருக்கிறார்கள். இதற்காக நான் வவுனியாவில் 3,450 ரூபாய் கொடுத்து ஒரு டிஜிற்றல் தராசு வாங்கினேன். 3,450! கண்ணாடித் தட்டும் நான்கு ரப்பர் கால்களும் கொண்ட ஒரு பொருளுக்கு அது நியாயமான விலையா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஏறச் சொன்னேன். முதலில் 47.2, இறங்கி ஏறினால் 49.6, மறுபடி ஏறினால் 46.1. மறுநாளே பெட்டியோடு கடைக்குப் போய் அரைமணி நேரம் சண்டை பிடித்தேன். விற்ற பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்று பற்றுச்சீட்டின் அடியிலிருந்த எறும்பளவு எழுத்தைக் காட்டினார்கள். அந்த எழுத்தை அச்சடிப்பவர்களை எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

கறுவிக்கொண்டு திரும்பி வந்தால், சின்னம்மா ஒன்றும் பேசாமல் தராசை வாங்கி, நான் விரித்திருந்த பாயை உருவி எறிந்துவிட்டு, குசினி வாசலில் சீமெந்து சமமாக இருந்த இடத்தில் வைத்தார். பிறகு இன்னும் பிரிக்காத பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கி வைக்கச் சொன்னார். 10.0 காட்டியது. எடுத்து வைத்தோம், மறுபடியும் 10.0. மெத்தென்ற பாயில் அதன் கால்கள் புதைந்ததால்தான் கணக்குத் தப்பியிருக்கிறது. நான் கடைக்காரரோடு மல்லுக்கட்டிய அரைமணி நேரத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

பையை ஏன் என்னைத் தூக்கச் சொன்னார் என்பதை விட்டுவிட்டேன். நாடியையும் நாளத்தையும் இணைத்துச் செய்த சத்திரசிகிச்சைக்குப் பிறகு, அவருடைய இடது கையில் பாரம் தூக்கக்கூடாது, இரத்த அழுத்தமும் பார்க்கக்கூடாது, அந்தக் கையில் தலைவைத்துப் படுக்கவும் கூடாது. சுத்திகரிப்புக்கான ஊசி ஏறுவது அந்த இடத்தில்தான். காலையில் எழுந்ததும் வலது கை விரல்களை அதன்மேல் வைத்து, உள்ளே தேனீக்கூடுபோல இரையும் அதிர்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அடுப்பு மூட்டுகிறார்.

தண்ணீர்க் கணக்கையும் சொல்லவேண்டும். ஒரு நாளைக்கு 750 மில்லிலீற்றர். அதில் தேநீரும் சொதியும் அடக்கம். காலையில் அவ்வளவையும் ஒரு போத்தலில் நிரப்பி வைக்கிறார். தேநீர் குடித்தால், அதே அளவு தண்ணீரைப் போத்தலிலிருந்து மிளகாய்க் கன்றுக்கு ஊற்றிவிடுவார். வன்னியின் சித்திரை வெயிலில், கச்சான் வறுக்கும் அடுப்புக்கு முன்னால் இருந்துகொண்டு, கையெட்டும் தூரத்திலுள்ள தண்ணீரைக் கன்றுக்கு ஊற்றுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தொண்டைதான் வறண்டது. பொட்டாசியம் கூடிவிடும் என்பதால் இளநீரும் அவருக்கு ஆகாது. ஆனால் நான் போனால் தென்னையில் ஆள் ஏற்றி எனக்கு வெட்டித் தராமல் விடமாட்டார். அவர் முன்னால் அதைக் குடிப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. குடிக்காவிட்டால் அவருக்குப் பிடிப்பதில்லை.

2009இல் சித்தப்பாவை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு செட்டிகுளம் முகாமிலிருந்து வந்தவர். அதை அவர் இரண்டு வசனங்களுக்கு மேல் பேசுவதில்லை, நானும் நீட்டவில்லை. ஆனால் 2022 ஜூன் இறுதியை, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்த அந்த நாட்களைக் கேட்டால், சிரித்துச் சிரித்துச் சொல்வார். முதல்நாளே ஓர் உழவு இயந்திரத்தில் தொற்றிப் புளியங்குளம் போய், அங்கிருந்து மரக்கறி லொறியில் வவுனியா சேர்ந்து, தெரிந்தவர் வீட்டு விறாந்தையில் படுத்திருந்து, காலையில் சுத்திகரிப்புக்குப் போயிருக்கிறார். ஒருமுறைகூடத் தவறவில்லை. அந்த லொறியில் வெங்காயம் மலிவாகக் கிடைத்ததுதான் அவருக்கு இன்றைக்கும் பெரிய கதை.

ஒன்றை மறந்தே போனேன். தராசின் விலை 1,500 என்று அவரிடம் பொய் சொல்லியிருந்தேன். பெட்டிக்குள் கிடந்த பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டார். "தம்பி, உன்ர காசு எனக்கு வேண்டாம்" என்று சொல்லி, நூறு ரூபாய்க் கச்சான் பொதிகளாகவே கடனைக் கழிக்கத் தொடங்கிவிட்டார். 34 முழுப் பொதிகளும் ஓர் அரைப் பொதியும் எனக்கு வரவேண்டுமாம். நாட்காட்டியின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணுகிறார். இதோ, மேசையில் இருப்பது ஏழாவது.