வாணியனுக்குக் கொடுக்கும் காசு

(ஹட்டனில், சாதாரணதரம் எழுதிய மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் நடந்த உயர்கல்வி வழிகாட்டல் நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கல்விப் பணிப்பாளர் அவர்களே, மஸ்கெலியாப் பக்கமிருந்து இந்த மழையிலும் நேரத்துக்கு வந்து சேர்ந்த சுகாதார வைத்திய அதிகாரி அவர்களே, அதிபர்களே, ஆசிரியப் பெருமக்களே, மண்டபத்தைக் காசு வாங்காமல் தந்த கோயில் பரிபாலன சபையாரே, நேற்று இரவே வந்து ஒலிபெருக்கி கட்டிய தம்பிமாரே, இன்றைக்கு ஒரு பேரை, அதாவது ஒரு நாள் கூலியை, விட்டுவிட்டுப் பிள்ளையோடு வந்திருக்கும் தாய்மாரே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். ஒரு பேர் போனால் அந்த மாதச் சம்பளத்தில் என்ன குறையும் என்று லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்த எனக்குத் தெரியும். ஆகவே முதல் நன்றி அந்தத் தாய்மாருக்கு.

இரண்டாவது நன்றி பணிப்பாளர் அவர்களுக்கு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு கோரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக நடக்கிறேன். என்னை உட்காரவைத்து, சாயத்தண்ணி கொடுத்து, முழுவதையும் கேட்ட முதல் அதிகாரி அவர்தான். அந்தக் கோரிக்கையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வைத்திய அதிகாரி அவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெங்குக் காலத்தில் அவர் லயம் லயமாக ஏறிப் பீப்பாய்களைத் தானே கவிழ்த்துப் பார்த்ததை நான் கண்ணால் கண்டவன். அப்படிப்பட்டவர் கீழே இருக்க, நான் மேடையில் நிற்கக் கூச்சமாக இருக்கிறது.

சரி, விடயத்துக்கு வருவோம். பொதுச் சுகாதாரம் என்றால் என்ன படிப்பு, அதைப் படித்தால் என்ன வேலை என்று இரண்டையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

என் அப்பாயி அடிக்கடி ஒரு பழமொழி சொல்லும். "வைத்தியனுக்குக் கொடுக்கிறதை வாணியனுக்குக் கொடு." வாணியன் என்றால் செக்கில் எண்ணெய் ஆட்டுபவர். நோய் வந்த பிறகு மருந்துக்குச் செலவழிக்கும் காசை, நோய் வருமுன்னே நல்ல எண்ணெய்க்கும் நல்ல சாப்பாட்டுக்கும் செலவழி என்பது பொருள். சனிக்கிழமை தலையில் நல்லெண்ணெயை வைத்துத் தேய்க்கும்போதெல்லாம் அப்பாயி இதைச் சொல்லும். பிறகு களுத்துறையில் பயிற்சிக்குப் போய், பெரிய பெரிய புத்தகங்களைப் படித்த காலத்தில் எனக்குத் தோன்றியது இதுதான்: அத்தனை புத்தகமும் அப்பாயி சொன்ன அந்த ஒரு வரிக்கு விளக்கம்.

வைத்தியர் முன்னால் ஒரு நோயாளி உட்கார்ந்திருப்பார். பொதுச் சுகாதாரம் படித்தவர் முன்னால் ஒரு தோட்டமே உட்கார்ந்திருக்கும். இந்தத் தோட்டத்தில் ஏன் இந்த மாதம் இத்தனை பேருக்கு வயிற்றோட்டம்? ஏன் மேல்கணக்கில், அதாவது தோட்டத்தின் மேற்பிரிவில், பிறக்கும் பிள்ளைகள் நிறை குறைவாகப் பிறக்கின்றன? இதைக் கேட்கத்தான் அந்தப் படிப்பு. நோய் எப்படிப் பரவுகிறது என்று பார்க்கும் நோய்ப்பரவலியல், கணக்குப் போடும் உயிர்ப்புள்ளியியல், தண்ணீரும் மலசலகூடமும் குப்பையும் அடங்கும் சுற்றாடல் சுகாதாரம், மனிதர்கள் ஏன் ஒரு பழக்கத்தை விடமாட்டேன் என்கிறார்கள் என்று படிக்கும் நடத்தை விஞ்ஞானம், ஆஸ்பத்திரிகளையும் நிதியையும் நிர்வகிக்கும் முறை எல்லாம் அதற்குள் வரும்.

இது எங்கோ வெளிநாட்டில் பிறந்து நமக்கு நேற்று வந்த சங்கதி என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரத்துக்கென்று ஒரு கல்விக்கூடம் ரொக்பெல்லர் நிதியில் 1916இல் நிறுவப்பட்டது. அதே 1916இல், அதே ரொக்பெல்லர் நிதியில், இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது. வெறுங்காலோடு மலை ஏறிய நம்முடைய முப்பாட்டன் பாட்டிகளின் இரத்தத்தைக் குடித்த புழு அது. மண்ணில் மலம் கலந்தால் மண்ணில் புழு, மண்ணை மிதித்தால் காலில் புழு. மாத்திரை கொடுத்தால் புழு சாகும், மலசலகூடம் கட்டாவிட்டால் மறுபடி வரும். வைத்தியனுக்கும் வாணியனுக்கும் உள்ள வித்தியாசத்தை நம் சனங்கள் காலிலேயே கண்டார்கள்.

அப்புறம் 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. இன்றைக்கு நாடு முழுவதும் இருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களுக்கு அதுதான் வேர். 1934, 35இல் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களை வாரிக்கொண்டு போன நாடு இது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இதே நாட்டை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அந்த வேலையில் பெரும்பகுதி விரல் நுனியில் இரத்தம் எடுத்துக் கண்ணாடியில் பூசியவர்களும், வீடு வீடாக மருந்து தெளித்தவர்களும், குளத்தில் நுளம்புக் குடம்பி தேடியவர்களும் செய்தது.

இனி என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அப்போது நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலைக்கு வந்து இரண்டாவது வருடம். ஒரு தோட்டத்தில் செங்கமாரி, மஞ்சள் காமாலை. முதலில் நான்கு பேர், அடுத்த வாரம் இருபதுக்கு மேல். கண் மஞ்சள், சிறுநீர் மஞ்சள், சோற்றைக் கண்டாலே குமட்டல். கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறார்கள், மந்திரிக்கிறார்கள், கோயிலில் பொங்கல் வைக்கிறார்கள். நான் மோட்டார் சைக்கிளைப் பெரட்டுக் களத்தில் நிறுத்திவிட்டு லயம் லயமாக ஏறுகிறேன். பீலித் தண்ணீரைப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன், தாங்கியைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஒரே பீலியில் தண்ணீர் எடுக்கும் லயத்தில் இந்தக் காம்பராவில், அதாவது இந்த அறை வீட்டில், நோய் இருக்கிறது, அடுத்த காம்பராவில் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பதின்மூன்று வயது இருக்கும். பாடசாலை வெள்ளைச் சட்டையோடு வந்து பக்கத்தில் நின்று என் தாளையே பார்த்தது. பிறகு கேட்டது: "சேர், தம்பிக்கு வந்திருக்கு. ஒரே குடத்துத் தண்ணிதான் குடிக்கிறோம். எனக்கு ஏன் வரல்ல?"

எனக்கு எழுதுகிற கை நின்றுவிட்டது. மூன்று நாளாக நான் நோய் வந்தவர்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வராதவர்களைக் கேட்கவே இல்லை. அந்தப் பிள்ளை ஒற்றை ரூல் கொப்பி ஒன்றை எடுத்து லயங்களை வரைந்தது. பக்கத்துக்கு ஆறு காம்பராவாக ஒவ்வொரு லயமும். நோய் வந்த காம்பராவுக்குச் சிவப்புப் பேனையால் புள்ளி. ஒரு பெயரும் தவறவில்லை.

செங்கமாரிக் கிருமி உடம்புக்குள் போனால் நோய் தெரிய இரண்டு முதல் ஏழு வாரம் எடுக்கும், பெரும்பாலும் நான்கு வாரம். அது எனக்குக் களுத்துறையில் சொல்லிக் கொடுத்தது. "தங்கச்சி, ஒரு மாதத்துக்கு முந்தி இங்கே என்ன நடந்தது?" என்றேன். யோசிக்கவே இல்லை. "தேர், சேர்." தேர் மேல்கணக்குக்கு ஏறிய அன்றைக்குத் தம்பி கூடப் போயிருக்கிறான். அக்கா அம்மாவோடு கோயிலில் அன்னதானத்துக்குக் காய் வெட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். அன்னதானம் எல்லோரும் சாப்பிட்டார்கள், அது கொதித்த சோறு. மேலே ஏறியவர்களுக்கு மட்டும் பெரிய அண்டாவில் சர்பத். பச்சைத் தண்ணீர். சிவப்புப் புள்ளி வைத்த வீடுகளுக்கு இரண்டு பேரும் திரும்ப நடந்தோம். ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்வி, "தேரோட போனீங்களா, சர்பத் குடிச்சீங்களா?" ஆமா, ஆமா, ஆமா.

மேல்கணக்குக்கு ஏறிப் பார்த்தால், அன்றைக்குக் குழாய் அடைத்துப்போனதால் பள்ளத்து ஊற்றிலிருந்து அள்ளியிருக்கிறார்கள். ஊற்றுக்கு முப்பதடி மேலே நிரம்பி வழிகிற ஒரு மலசலகூடக் குழி. ஊற்றை மூடினோம், குழியை மாற்றினோம், தாங்கிகளுக்குக் குளோரின் போட்டோம். அறிக்கையை நான் எழுதினேன், என் பெயரில் போனது. அந்தக் கொப்பித் தாள் இன்றைக்கும் என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

அந்தப் பிள்ளை செய்ததற்குப் பெயர்தான் நோய்ப்பரவலியல். 1854இல் இலண்டனில் வாந்திபேதி பரவியபோது ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் இறந்தவர்கள் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று விசாரித்து, ப்ரோட் வீதித் தண்ணீர்ப் பம்பைக் கண்டுபிடித்தார், பிறகு அவர்களின் வீடுகளை வரைபடத்திலும் குறித்துக் காட்டினார். அந்தத் துறைக்கு அவரைத் தந்தை என்று சொல்கிறார்கள். அந்தப் பிள்ளை ஜோன் ஸ்னோவைக் கேள்விப்பட்டதே இல்லை.

இப்போது வேலைகளைச் சொல்கிறேன். வைத்தியபீடம் போனவர்கள் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் படித்து சமுதாய மருத்துவ நிபுணர் ஆகலாம். மிகிந்தலையில், ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தில் சுகாதார மேம்பாட்டுக்கென்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. கெம்பஸ் கிடைக்காவிட்டால் கதவு மூடிவிடவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்ப நல மாது ஆகிய பதவிகளுக்கு அரசாங்கமே பயிற்சி தருகிறது. வர்த்தமானியை விடாமல் பாருங்கள், தகுதி என்ன என்று அதிலேயே போடுவார்கள். போசாக்கு, புள்ளிவிபரம், சுகாதாரக் கல்வி, தொழிற்சாலைகளில் தொழிலாளர் பாதுகாப்பு, தொண்டு நிறுவனங்கள் என்று வேறு வழிகளும் உண்டு.

ஆனால், பெற்றோர்களே, இதில் நிறையக் கதவுகளுக்கு ஒரே திறப்புத்தான். உயர்தரத்தில் விஞ்ஞானம். அந்தத் திறப்பு நம் பிள்ளைகளின் கையில் இருக்கிறதா? விஞ்ஞானப் பிரிவு இருப்பது 1ஏபி பாடசாலையில். 1சி பாடசாலையில் கலையும் வர்த்தகமும்தான். தோட்டத்துப் பக்கம் எத்தனை 1ஏபி தமிழ்ப் பாடசாலை இருக்கிறது என்று உங்கள் ஊரை வைத்து விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

அந்தச் சிவப்புப் பேனைப் பிள்ளை சாதாரணதரத்தில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்தது. உயிரியல் படிக்க இரண்டு பஸ் மாறி டவுனுக்குப் போக வேண்டும். காலை ஐந்து மணிக்கு இருட்டில் கரத்தை ரோட்டில் இறங்க வேண்டும். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை, அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கலைப் பிரிவில் சேர்ந்தது, ஆறு மாதத்தில் நின்றது. கடைசியாக நான் பார்த்தபோது கொழும்பில் ஒரு துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தது. "சேர், சுகமா?" என்றது. எனக்குப் பதில் வரவில்லை.

2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த சனத்தொகை சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குக் கீழே வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாட்டில் நூற்றுக்கு 17. தோட்டத்தில் 32. தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையமான பிள்ளைக் காம்பராவில் நிறை பார்க்கும்போது அம்மாவின் பேச்சு புரிகிற ஒருவர் வேண்டும். வெறும் வயிற்றில் தேத்தண்ணியும் ரொட்டியும் தின்றுவிட்டு மலைக்குப் போன கதையை அம்மா மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லமாட்டார். லயத்தில் வளர்ந்த ஒரு பிள்ளையிடம் சொல்வார். வைத்தியனுக்குக் கொடுக்கிறதை வாணியனுக்குக் கொடு என்றால், நம் மலையகத்தில் அந்த வாணியன் ஒரு இரசாயனவியல் ஆசிரியர். ஒரு ஆய்வுகூடம். நான்கு நுணுக்குக்காட்டி.

என் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு கல்விக் கோட்டத்திலும் குறைந்தது ஒரு தமிழ்ப் பாடசாலையில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவு. கட்டடம் பிறகு வரட்டும், முதலில் ஆசிரியர். அதுவரை தூரத்திலிருந்து வரும் பெண்பிள்ளைகளுக்கு டவுனில் பாதுகாப்பான ஒரு விடுதி. பணிப்பாளர் அவர்கள் இதை மாகாணத்துக்கு அனுப்பத் தயார் என்று சொல்லியிருக்கிறார், அவருக்கு மறுபடியும் நன்றி. ஆனால் வெறும் என் கடிதமாகப் போனால் அது ஒரு பென்ஷன்காரரின் கடிதம்.

வாசலுக்கு இடது பக்க மேசையில் தாள்கள் இருக்கின்றன. பெயர், தோட்டம், கணக்கு, பிள்ளையின் வகுப்பு, அவ்வளவுதான் எழுத வேண்டும். கையொப்பம் போட வராத அம்மாமார் யோசிக்க வேண்டாம், கைநாட்டு வைக்க மை எடுத்து வந்திருக்கிறேன். இரண்டரைக்கு பொகவந்தலாவைக்கு பஸ் இருக்கிறது, அதில் போகிறவர்கள் முதலில் வாருங்கள்.