குண்டின் முகம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சிரமம் பாராமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பாதுகாப்புப் படை அதிகாரிகளே, காவல்துறை அலுவலர்களே, தலைமையாசிரியர்களே, பொன்னாடை போர்த்திய விழாக் குழுவினரே, காயலாங்கடைச் சகோதரர்களே, மணிப்பூர் எல்லையூரான மோரே வாழ் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் பழமொழி. நம் மண்ணில் புதைந்து கிடக்கும் பழைய போர்க்கால மோர்ட்டார் குண்டுக்கும் அது பொருந்தும். வண்ணம், உள்மருந்து, மூக்கிலிருந்து குண்டை வெடிக்கத் தூண்டும் ஃபியூஸ் என மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில், 1944இல், ஜப்பானியப் படையின் ஒரு பிரிவு பர்மாவின் தாமு, நம் மோரே, பலேல் வழியாகத்தான் இம்பாலை நோக்கி வந்தது. எதிரே நின்றது பிரிட்டிஷாரின் கீழிருந்த 20ஆவது இந்திய டிவிஷன். இரு தரப்புக் குண்டுகளும் இந்த மண்ணில் கிடக்கின்றன.

பிரிட்டிஷ் மோர்ட்டாரின் பிறப்பே நம் நாட்டோடு தொடர்புடையது. 1915இல் கிரேன் செய்யும் கம்பெனியை நடத்திவந்த வில்ஃப்ரெட் ஸ்டோக்ஸ் ஒரு எளிய குழாயைக் கொண்டுவந்து காட்டினார். மேலிருந்து குண்டைப் போட்டால் போதும், அது அடியில் முட்டிப் பாயும். கையிருப்பிலுள்ள குண்டுகள் இதில் செல்லாது என்று ராணுவம் மறுத்துவிட்டது. தளவாட அமைச்சர் லாய்ட் ஜார்ஜ் விடவில்லை. பணத்துக்கு எங்கே போனார்? ஓர் இந்திய மகாராஜா கொடுத்த நன்கொடையை எடுத்துக் கொடுத்தார்! (கைதட்டல்) அதன் வழிவந்த 3 அங்குல மோர்ட்டாரைத்தான் நம் சிப்பாய்கள் இங்கே சுமந்தார்கள்.

அதன் குண்டு சுமார் 10 பவுண்டு. வாலில் துடுப்பு உண்டு. வெடிகுண்டுக்கு வெளிர்மஞ்சள் உடல். மூக்கருகே சிவப்பு வளையம் இருந்தால் மருந்து நிரப்பியது. பச்சைப் பட்டையில் 80/20 என்றிருந்தால் அமட்டோல் என்னும் வெடிமருந்து: அமோனியம் நைட்ரேட் 80 பங்கு, டி.என்.டி. 20. உடல் முழுக்கப் பச்சை என்றால் புகைக்குண்டு. அதில் பெரும்பாலும் வெண்பாஸ்பரஸ். ஓட்டை விழுந்து காற்றுப் பட்டால் தானாகவே பற்றும், நீரில் கிடந்தாலும் வீரியம் குறையாது.

ஜப்பானின் 50 மி.மீ. குண்டு சுமார் 800 கிராம், துடுப்பு கிடையாது, உடல் கறுப்பு. மஞ்சள் வளையம் வெடிமருந்தையும், சிவப்பு நிரப்பப்பட்டதையும், வெள்ளை உலோகத்தின் வகையையும் குறிக்கும்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும். ஆனால் எண்பது ஆண்டுத் துரு அந்த முகத்தைத் தின்றுவிட்டது. வெளிர்மஞ்சளும் துருவும் ஒன்றாகவே தெரியும். எழுத்தைப் படிக்கத் துருவைச் சுரண்டுவதும், எடை பார்க்கத் தூக்குவதும், கேஸ் கட்டரில் அறுப்பதும்தான் ஆளைக் கொல்கின்றன. வண்ணம் தெரியாவிட்டால் உயிருள்ள குண்டென்றே கொள்ளுங்கள். தொடாமல் வந்த வழியே திரும்பி, ஆட்களை விலக்கி, 112க்குச் சொல்லுங்கள். நிறம், துடுப்பு, வளையம் இவற்றைத் தூரத்தில் நின்று கண்ட அளவுக்குச் சொன்னால் போதும்.

ஃபியூஸைப் பற்றிப் பேச நேரமில்லை. அதிகாரிகளிடம் என் கோரிக்கை ஒன்றே: தமிழ், மணிப்புரி, குக்கி, பர்மிய மொழிகளில் இந்த வண்ணங்களை விளக்கும் படம் ஒவ்வொரு காயலாங்கடைத் தராசுக்கு மேலும், ஒவ்வொரு பள்ளி வாசலிலும் தொங்க வேண்டும். இந்த மழைக்காலத்தில் மண் கரைந்து குண்டுகள் வெளியே வருவதற்குள் அதை அச்சிட்டுத் தாருங்கள்.