மெழுகில் தங்கிய குரல்கள்
(நூலக ஆண்டு விழாவில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பேத்தியின் காதுகுத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பந்தல் போட்ட தம்பிகளே, தாய்மார்களே, வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

யூதர் வாழ்க்கை, அரசியல், மக்கள் பாட்டு என்ற மூன்றையும் சேர்த்து ஆராய்கிறவர் டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் அன்னா ஷ்டெர்ன்ஷிஸ். மூன்றையும் தனித்தனியாகப் பேசுவதாக ஒப்புக்கொண்டுதான் வந்தேன். ஆனால் 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' என்ற பழமொழியைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை. அதற்கு ஒரு கதை இருக்கிறது.

கீவ் நகரத்தில் மோய்சே பெரெகோவ்ஸ்கி என்றொரு இசை ஆய்வாளர். உக்ரைனில் ஊர் ஊராகப் போய், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷ் மொழிப் பாட்டுகளைச் சேகரித்தார். அன்றைய பதிவுக் கருவியில் ஒரு கூம்பு இருக்கும். பாட்டி அதன் வாயருகே நின்று பாட, ஊசி மெழுகு உருளையைக் கீறிக்கொண்டே போகும். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டால் மெழுகு தேயும். கேட்கக் கேட்க அழிகிற குரல், பாருங்கள்!

இரண்டாம் உலகப் போர் வந்தது. சோவியத் செஞ்சேனை வீரர்கள், மத்திய ஆசியாவுக்கு ஓடிப் பிழைத்தவர்கள் என்று எல்லோரிடமும் அவரும் கூட்டாளிகளும் பாட்டு வாங்கினார்கள். பூரிம் பண்டிகையில் ஆமான் என்ற பழைய கொடியவனை வைவது யூதர் வழக்கம். அந்த இடத்தில் ஹிட்லரை உட்கார வைத்துச் சிரித்திருக்கிறார்கள். அம்மாவின் கல்லறையைப் பற்றிப் பத்து வயதுப் பையன் எழுதிய பாட்டும் அதிலே உண்டு.

1950இல் ஸ்டாலின் அரசு பெரெகோவ்ஸ்கியைக் கைது செய்து சைபீரிய முகாமுக்கு அனுப்பியது. 1955இல்தான் வெளியே விட்டார்கள். சேகரித்ததெல்லாம் அழிந்துவிட்டது என்ற நினைப்போடே 1961இல் இறந்துபோனார். அதுவோ கீவ் நூலகத்தில் பெட்டிகளில் கிடந்து, 1990களில் வெளியே வந்தது. யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது 2005இல், அவர் கண்மூடி 44 வருடம் கழித்து. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

அந்தப் பெட்டிகளிலிருந்து பேராசிரியர் ஷ்டெர்ன்ஷிஸ் கையில் கிடைத்த தாள்கள் பலவற்றில் வரிகள் மட்டுமே இருந்தன, மெட்டு இல்லை. பாடகர் ப்சோய் கொரொலென்கோ பொருத்தமான மெட்டு தேடிச் சேர்த்தார். 2018இல் இசைத்தட்டாக வந்து அமெரிக்காவின் கிராமி இசை விருதுப் பரிந்துரை வரைக்கும் போனது. ஆனாலும் முதலில் பாடியவரின் மெட்டு போனது போனதுதானே?

அரசியலைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, நம் நூலகத்துக்கு வருகிறேன்.

என் அத்தையின் நடவுப் பாட்டை ஒரு கேசட்டில் பிடித்து வைத்திருந்தேன். அதன்மேலேயே சினிமாப் பாட்டைப் பதிவு செய்தவனும் நான்தான். கடைசியில் அத்தை இருமுவது மட்டும் மிச்சம். உங்கள் வீட்டுப் பரணில் ஒப்பாரியோ தாலாட்டோ உள்ள கேசட் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அவற்றைக் கணினியில் ஏற்ற ஒரு கருவி, வைக்க ஒரு பீரோ. நூலகத்துக்கு நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

வாசல் மேஜையில் மனு இருக்கிறது. பேனாவை நூலில் கட்டியிருக்கிறோம், கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். அம்மா அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டால் நன்றாயிருக்கும்.