லின்னேயஸைத் தன் வீட்டில் வைத்துப் படிக்கவைத்த டாக்டர் யார்?

போன வீடியோவில் செடிகளை வகைப்படுத்திய சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸைப் பற்றிப் பேசும்போது, "படிப்பு வராது என்று பள்ளியில் ஒதுக்கிய பையனை ஒரு டாக்டர்தான் கைதூக்கிவிட்டார்" என்று ஒரே வரியில் கடந்துவிட்டேன். அந்த டாக்டர் யார், அப்படி என்ன செய்தார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

அவர் பெயர் யோஹான் ரோத்மன். பிறந்தது 1684. வேலை பார்த்தது தெற்கு சுவீடனில் ஸ்மோலாந்து பகுதி, வெக்ஷோ என்ற ஊரில். அந்த வட்டாரத்துக்கே மாகாண மருத்துவர் அவர்; கூடவே உள்ளூர்ப் பள்ளியில் ஆசிரியர். மருத்துவப் பட்டம் 1713-இல் நெதர்லாந்தில் வாங்கியது.

1726-இல் லின்னேயஸின் அப்பா நில்ஸ், மகன் எப்படிப் படிக்கிறான் என்று விசாரிக்க வெக்ஷோவுக்கு வந்தார். அவர் பாதிரியார், மகனும் அப்படியே ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டவர். ஆசிரியர்களோ, ஏதாவது கைத்தொழிலில் சேர்த்துவிடுங்கள் என்றார்கள். தன் உடம்புக்கு வைத்தியம் பார்க்க ரோத்மனிடம் போன இடத்தில், நில்ஸ் இந்தக் கவலையையும் சொன்னார். பாதிரியார் வேலைக்குச் சரிவராவிட்டால் என்ன, மருத்துவத்துக்குச் சரியாக வருவான் என்றார் ரோத்மன். சொன்னதோடு விடவில்லை. பையனைத் தன் வீட்டிலேயே தங்கவைத்து உடலியல் சொல்லிக்கொடுத்தார்.

என்னைக் கேட்டால், அவர் செய்த பெரிய உதவி இதற்கு அப்புறம்தான் வருகிறது. லின்னேயஸுக்குச் சின்ன வயதிலிருந்தே செடிகள் மேல் பைத்தியம்; நிறையப் பெயர்களும் தெரியும். ஆனால் அவற்றை ஒழுங்குபடுத்த ஒரு முறை கைவசம் இல்லை. பிரெஞ்சுத் தாவரவியலாளர் தூர்ன்ஃபோர் பூவிதழின் அமைப்பை வைத்துச் செடிகளைப் பிரித்திருந்தார். ரோத்மன் அதை முறையாகக் கற்றுக்கொடுத்தார். செடிகளிலும் ஆண், பெண் உறுப்புகள் உண்டு என்று இன்னொரு பிரெஞ்சுத் தாவரவியலாளர் செபாஸ்தியான் வையான் 1717-இல் பாரிஸில் ஆற்றிய உரையைப் பற்றியும் அவர்தான் சொன்னார். பாரிஸில் புதிதாகப் பேசப்பட்ட ஒரு கருத்து, ஒன்பது பத்து வருடத்துக்குள் ஸ்மோலாந்தில் ஒரு மாணவன் காதுக்கு எட்டியிருக்கிறது! பின்னாளில் மகரந்தத் தாள்களை, அதாவது பூவின் ஆண் உறுப்புகளை எண்ணிச் செடிகளை 24 வகுப்பாகப் பிரித்தாரே லின்னேயஸ், அதற்கு விதை இதுதான்.

1727-இல் லின்னேயஸ் லுண்ட் பல்கலைக்கழகம் போனார். மறுவருடமே உப்சாலா பல்கலைக்கழகத்துக்கு மாறியதும் ரோத்மனின் யோசனைப்படிதான். ரோத்மன் 1763 வரை வாழ்ந்தார். காப்பிச் செடியின் குடும்பத்தில் 'ரோத்மேனியா' என்று ஒரு பேரினம் (நெருங்கிய செடி இனங்களின் தொகுதி) உண்டு. அதை இவர் பெயர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லின்னேயஸிடமே படித்த இவருடைய மகன் யோரன் ரோத்மனின் நினைவாக, லின்னேயஸின் இன்னொரு மாணவர் துன்பெரி வைத்த பெயர் அது.