"நான்தாம்ப்பா": போர்முனைக்குப் போன மலையூர் ஆயர்

[காட்சி: குன்னூரிலிருந்து வெலிங்டன் போகும் சாலை. காலை மூடுபனி. ஆள் தெரியவில்லை, பூட்ஸ் சத்தம் மட்டும்.]

வணக்கம். வெலிங்டன்காரர்கள் பலருக்கு இந்தச் சத்தத்தில்தான் பொழுது விடியும். மதராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் 1947 முதல் இங்கேதான் இருக்கிறது.

பட்டாளத்தில் துப்பாக்கி தூக்குகிறவர், சமைக்கிறவர், முடி வெட்டுகிறவர் எல்லாரும் உண்டு. சாமி கும்பிட வைப்பதற்கும் ஆள் உண்டு. பண்டிதர், சீக்கியக் கிரந்தி, மௌல்வி, பாதிரியார், பௌத்தத் துறவி எனப் பல மதத்தவரையும் நம் ராணுவம் நாயப் சுபேதார் என்ற இளநிலை அதிகாரி அந்தஸ்தில் சேர்க்கிறது. பாதிரியார் என்றால் முறைப்படி குருப்பட்டம் வாங்கியிருக்க வேண்டும். உள்ளூர் பிஷப்பின் பட்டியலிலும் பெயர் இருக்க வேண்டும்.

சரி, போர் வந்துவிட்டால் இந்தப் பாதிரியாருக்குப் போர்க்களத்தில் என்ன வேலை?

[காட்சி: தேயிலைச் சரிவு. குடை, கையில் பை, ஒற்றையடிப் பாதையில் ஏறும் ஓர் ஆயர் (சபைப் பாதிரியார்).]

எங்கள் மலைப்பக்கத்துச் சின்ன ஊர் ஆயரைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் ஒரு மணி நேரம்கூட இருக்காது. மற்ற நாளெல்லாம் நடைதான். தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் காய்ச்சல் என்றால் போக வேண்டும், ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் உட்கார வேண்டும், சாவு வீட்டில் கடைசி ஆள் கிளம்பும்வரை நிற்க வேண்டும். போர்க்களத்திலும் இதே வேலைதான். என்ன, அங்கே குண்டு விழும்.

[காட்சி: பழைய வரைபடம். வட இங்கிலாந்து, ஹட்டன் ரூஃப்.]

அப்படிப் போர்க்களத்துக்குப் போன ஓர் ஆயர்தான் தியடோர் பெய்லி ஹார்டி. பல வருடம் பள்ளிக்கூட வாத்தியார். மனைவிக்கு உடம்பு முடியாமல் போகவே, 1913-ல் ஹட்டன் ரூஃப் என்ற சின்ன மலைக்கிராமத்துக்கு ஆயராக வந்தார். அடுத்த வருடமே மனைவி இறந்துவிட்டார். அதே வருடம் முதல் உலகப் போர். படையோடு போகிறேன் என்று மனு போட்டார். வயதைக் காட்டித் தட்டிக்கழித்தார்கள். விடாமல் கேட்டு, 1916-ல் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

போனவருக்கு என்ன செய்வதென்றே புரியவில்லை. தன்னைவிட இருபது வயது இளையவரான ஸ்டடர்ட் கென்னடி என்ற படைப் பாதிரியாரிடம் போய் யோசனை கேட்டார். (வாத்தியாராக இருந்தவர் மாணவனாகப் போய் நிற்பது லேசான காரியமில்லை.) பின்னால் பத்திரமாக இருந்துகொண்டு பிரசங்கம் பண்ணினால் எடுபடாது, சிப்பாய் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போங்கள் என்பதுதான் கென்னடி சொன்னதன் சாரம்.

ஹார்டி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். முதுகுப் பையில் சிகரெட்டும் மிட்டாயும் நிரப்பிக்கொண்டு, ராத்திரியில் பதுங்குகுழி பதுங்குகுழியாகப் போவார். இருட்டில் காலடி கேட்டால் காவலாளி சுட்டுவிடுவான் அல்லவா? அதனால் போகும்போதே மெல்லக் குரல் கொடுப்பார்: "நான்தாம்ப்பா." அந்தக் குரலை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொண்டார்கள். 1917-ல் மணிக்கட்டு உடைந்த கையோடு, சேற்றில் புதைந்த காயக்காரர்களுக்குத் துணை நின்றார். பதக்கம் வந்தது. பதக்கக் கதைகளை விடுங்கள், 1918 ஏப்ரலில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

[காட்சி: உடைந்த மரங்கள், காங்கிரீட் காவல் கூண்டு.]

காலையில் பிரிட்டிஷ் படை பிடித்த ஒரு காங்கிரீட் கூண்டை எதிரி திரும்பப் பிடித்துக்கொண்டான். அதிலிருந்து பத்து கஜ தூரத்தில் பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறான், எழுந்து நிற்கவும் தெம்பில்லாத நிலை. பத்து கஜம் என்றால் ஒரு லாரியின் நீளம்தான், இருமினால் கேட்டுவிடும். ஹார்டி அவனிடம் போய்ச் சேர்ந்தார். பிறகு திரும்பி வந்து ஒரு சார்ஜென்ட்டை அழைத்துப் போய், இருவருமாக அவனைத் தூக்கி வந்தார்கள். அந்த மாதச் செயல்களுக்காக பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. இத்தனைக்கும் அவர் கையில் ஆயுதமே கிடையாது.

இன்றைய விதியும் இதை ஒட்டியதுதான். 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி, பாதிரியார் எதிரியிடம் பிடிபட்டாலும் போர்க்கைதி ஆக மாட்டார். ஆனால் கைதிகளுக்கு அவர் தேவைப்படும்வரை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். ஏட்டில் இருக்கிற விதி இது. அமெரிக்காவின் பில்சன் கிராமத்துக் குருவானவர் எமில் கேபான் கொரியப் போரில் அப்படித்தான் பிடிபட்டார். தப்பிக்க வழி இருந்தும் காயக்காரர்களோடு நின்றவர். முகாமில் கூரைத் தகரத்தைத் தட்டிப் பாத்திரமாக்கி, நோயாளிகளுக்குத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். 1951 மே மாதம் அந்த முகாமிலேயே இறந்தார்.

[காட்சி: இரண்டு வில்லைகள், ஒரு கயிறு.]

இன்னொரு வேலை உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 1916 முதல் பிரிட்டிஷ் சிப்பாய் கழுத்தில் இரண்டு அடையாள வில்லைகள், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. இறந்தால் பச்சை வில்லை உடலோடு போகும், சிவப்பைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். ஜெபம் சொல்லி அடக்கம் செய்துவிட்டு, பாதிரியார் பிறகு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இறந்தவனின் அம்மாவுக்குக் கடிதம் எழுதுவார். ஒரே நாளில் எத்தனை கடிதம் எழுதினாலும் ஒவ்வொன்றிலும் வேறு பெயர்.

1918-ல் ஹார்டியை பிரிட்டிஷ் மன்னர் தன் அரண்மனைப் பாதிரியாராக நியமித்தார். ஊருக்குத் திரும்ப நல்ல வாய்ப்பு. அவர் போகவில்லை. அக்டோபரில் ஓர் ஆற்றைக் கடக்கும்போது குண்டடி பட்டு, 18-ம் தேதி பிரான்சின் ரூவான் நகர ஆஸ்பத்திரியில் இறந்தார். இரண்டு நாள் போயிருந்தால் வயது 55. போர் முடிய இன்னும் 24 நாள்தான் இருந்தது.